வெள்ளிக்கிழமை வீட்டுக் கஞ்சி

யுத்தகாலத்தில் தர்மபுரித் தொழிற்பள்ளி ஒன்றில் நான் தச்சு பயின்றேன். பள்ளியில் உணவு கிடையாது. எங்கள் ஆசிரியர் ஊரில் வீடு வீடாகக் கேட்டு, ஏழை மாணவருக்கு நாளொரு வீடாக ஒரு வேளைச் சாப்பாட்டை அமர்த்தித் தந்திருந்தார். எந்த வீட்டிலும் இட்டதற்குமேல் இன்னொரு முறை கேட்கலாகாது என்பது அவர் விதித்த ஒரே கட்டளை. தானியத் தட்டுப்பாடு முற்றியபோது என் வியாழக்கிழமை வீட்டார் கைவிரித்துவிட்டனர். அதைச் சொல்ல நாணி, அந்நாளில் பட்டினி கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை வீடு எனக்கும் என் அறைத்தோழனுக்கும் பொது. அவன் வத்தல்மலைக்காரன். ஒரு வெள்ளியன்று அவன் காய்ச்சலில் கிடந்ததால் நான் தனியே சென்றேன். அவ்வீட்டு அம்மாள் களியுருண்டை ஒன்று இட்டார். முந்தைய நாள் பசியும் சேர்ந்திருந்தமையால் அது போதவில்லை.

"எங்க உன் சோடி?"

"சொரமுங்க ஆத்தா."

"அட பாவமே! களி ஆவாது அவனுக்கு. ஒரு புடி அரிசி எடுத்து வெச்சிருக்கேன், இரு."

கஞ்சி காய்ச்சித் தூக்குப் போசியில் ஊற்றினார். "ஆறங்காட்டியும் கொண்டுபோயிக் குடு. வழியில வேடிக்க பாக்காத."

அரிசியைக் கண்டு எனக்கு மாதக்கணக்காகியிருந்தது. ஏரிக்கரையில், ஒரு மிடறு மட்டும் என்று மூடியைத் திறந்தேன். சற்று நேரத்தில் ஏரி நீரில் போசியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதைத் துண்டில் சுற்றி உளிப்பெட்டிக்குள் ஒளித்தேன்.

"ஆத்தா ஒண்ணும் குடுக்கலியா?" என்று பாயிலிருந்து தோழன் கேட்டான்.

"இல்லப்பா."

அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் புரண்டு படுத்தான்.

மறுவாரம் இருவரும் சென்றோம். துண்டை அவிழ்த்துப் போசியை நான் திருப்பித் தந்தபோது அம்மாள் அவனைப் பார்த்து, "கஞ்சிக்கு உப்பு பத்துச்சா சாமி?" என்றார்.

அவன் போசியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லா வீட்டுக் கதவுகளும் எனக்குச் சாத்தப்பட்டிருக்கும். படிப்பும் அன்றோடு முடிந்திருக்கும்.

"சரியா இருந்துச்சுங்க ஆத்தா."

"இவன் பாதிய வழியிலயே குடிச்சிருப்பான்னு நெனச்சேன்!" என்று அம்மாள் சிரித்தார். அவன் தலை குனிந்து களியைப் பிட்டான். நானோ அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த வெள்ளியன்று, வயிற்றுவலி என்று சொல்லி நான் போகவில்லை. சென்று திரும்பிய தோழன் அதே போசியை என் தலைமாட்டில் வைத்தான்.

"ஆத்தா குடுத்துச்சு. சூடா இருக்குது, குடி."

ஏரிக்கரை வழியே அவ்வளவு தூரம் சுமந்து வந்தும் கஞ்சி விளிம்புவரை நின்றது. அவன் பார்த்திருக்க, அதனையும் நான் முழுதாகக் குடித்தேன்.