ஆறு பேர் பிடித்த மீன்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் ஒரு பெரிய ஏரி வரும். மாரியில் அது உறைந்து கல்லாகிவிடும். காரைக்கூட அதன் மேல் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த ஐஸில் துளை போட்டு, பக்கத்தில் மடக்குக் கதிரையை விரித்து, வேலையிலிருந்து ஓய்வெடுத்த எங்கள் ஆம்பிளைகள் முப்பது பேர் தூண்டில் போடுகிறார்கள். என்னுடையவரும் அதில் ஒருவர்.

அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. ஏரிக்குப் போனவர் போகாதவர்களுக்கு அங்கிருந்து செய்தி சொல்ல வேண்டும். "காலமை வணக்கம். ஐஸ் பன்ரெண்டு இஞ்ச். காத்து வடக்கால. சின்னன் கடிக்குது, பெரிசு கடிக்கேல்லை" என்று ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரித் தணிந்த குரலில் சொல்வார்கள். பின்னாலே படம் வரும். சிலர் எழுதியும் போடுவார்கள்.

எழுதியதை நான் பார்ப்பதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். ஆனபடியால் அவருடைய போனில் குரலைக் கேட்பேன், படத்தைப் பார்ப்பேன். படத்தில் ஆளைப் பார்க்கமாட்டேன், மீனைத்தான் பார்ப்பேன். இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருசம் மீன் தொழிற்சாலையில் பெல்ட்டடியில் நின்றவள் நான். பழுதான மீன் ஒன்றுகூட என்னைத் தாண்டிப் பெட்டிக்குள் போனது கிடையாது. மேற்பார்வைக்கு வருகிற வெள்ளைக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையொப்பம் வைப்பான். மற்றவர்களுக்கு மனிச முகம் ஞாபகம் இருப்பது போல எனக்கு மீன் முகம் ஞாபகம் இருக்கும்.

பங்குனியில் ஐஸ் இளகத் தொடங்கியதும் அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபம் எடுத்து, குடும்பங்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். ஆகப் பெரிய மீன் பிடித்தவருக்குப் பொன்னாடை போர்ப்பார்கள். அந்த மாரி முழுக்க ஒரு பெரிய மீன் படமும் காட்டாதவர் மற்ற எல்லாருக்கும் சோறு பரிமாற வேண்டும். இது அவர்களாக வைத்த சட்டம். என்னுடையவர் மூன்று வருசம் தொடர்ந்து சோற்று வாளி தூக்கினார்.

நாலாம் வருசம் விசயம் வேறு. அதற்கு முந்தின கோடையில்தான் மகளைக் கட்டிக் கொடுத்தோம். மருமகனின் தகப்பன், யூனியன்வில்லில் பெரிய வீட்டுக்காரர், அந்தக் குழுவுக்குத் தலைவர். விருந்துக்கு அவர்களுடைய பகுதி முழுக்க வரும். சம்பந்தி வீட்டார் கால் நீட்டி இருக்க, பெண்ணைக் கொடுத்தவர் வாளியோடு குனிந்து குனிந்து போக வேண்டும். இதை நினைத்து அவர் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. சொன்னால் என்ன, நானும் கொள்ளவில்லை.

தை மாதத்தில் ஒரு காலமை, குழுவில் ஒருவர் பெரிய ட்ரவுட் மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் படம் போட்டார். செவுளுக்குப் பக்கத்தில் மூன்று வெள்ளைப் புள்ளி, அடுப்புக்கல் வைத்த மாதிரி. வாலின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன வெட்டு. நல்ல மீன். இரண்டு கிழமை கழித்து வேறொருவர் படம் போட்டார். அதே அடுப்புக்கல், அதே வெட்டு.

"இஞ்சாருங்கோ, உந்த மீன் முந்தியும் வந்ததெல்லே" என்றேன்.

"எல்லா மீனும் உப்பிடித்தானப்பா இருக்கும்."

"எல்லா மனிசரும் உங்களை மாதிரியே இருக்கினம்?"

"அது வேற ஏரிக்கரை. இது வேற ஆள்."

"ஆள் வேறதான். மீனைத்தான் சொல்லுறன்."

பிறகு மூன்றாவது ஆள், நாலாவது ஆள், ஐந்தாவது ஆள். ஒவ்வொரு தரமும் மீன் கொஞ்சம் மெலிந்துகொண்டு வந்தது. இன்னொரு விசயமும் கவனித்தேன். உயிரோடு பிடித்த மீனைத் தூக்கினால் இரண்டு பக்கமும் தொங்கும். இது பலகை மாதிரி நேராக நின்றது. அவர்களோ "அங்கை சரியான குளிர்" என்று குரலில் விளக்கம் சொன்னார்கள். என்னுடையவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். தலையாட்டிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மாசி போய்ப் பங்குனி பிறந்தது. விருந்துக்கு ஒன்பது நாள் இருந்தது. முருங்கையிலைப் பொட்டலம் எடுக்க நிலவறையில் இருக்கும் ஃப்ரீசரைத் திறந்தேன். அடியில், துவாயில் சுற்றி, ஒரு நீளமான சாமான். அவிழ்த்தேன். அடுப்புக்கல். வால் வெட்டு. ஐந்து பேர் பிடித்த மீன் என் வீட்டில் கிடந்தது.

அவரைக் கூப்பிட்டேன். படியில் பாதி இறங்கியதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஆரின்ர மீன் இது?"

"சம்பந்தியின்ர. நான் குழுவில சேர முந்தி அவர் பிடிச்சது. உண்மையா பிடிச்சது."

"இஞ்சை என்னத்துக்கு?"

"இந்தக் கிழமை என்ர முறை."

மீனுக்கு முறை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஏரியில் பெரிசு ஒன்றும் கடிக்காததால் ஆட்கள் சலித்துப்போய் வராமல் விட்டுவிடுவார்கள் என்று பயந்து, சம்பந்தி தன் மீனை இரவல் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். கொண்டுபோய், துளைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலமை இவருடைய படம்.

"ஒரேயொரு படம் அப்பா. நீர் வாயைத் திறக்காமல் இரும். எனக்கு அந்த வாளியைத் தூக்கேலாது இந்த முறை. மகளின்ர மாமியாருக்கு முன்னால..." என்றார்.

நான் மீனைச் சுற்றித் திரும்ப உள்ளே வைத்தேன். ஓம், வைத்தேன். பத்தொன்பது வருசம் பழுதான மீனை ஒதுக்கிய இந்தக் கை, அன்றைக்கு அதை என் முருங்கையிலைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தது. வாளி எனக்கும் பாரமாகத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. முழுகிவிட்டு வந்து பொட்டு வைக்க ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்தேன். சின்னக் கறுப்புப் பொட்டு ஒன்று குறைந்திருந்தது. நான் கறுப்பு ஒட்டுவதில்லை, சிவப்புத்தான். கறுப்பு அப்படியே இருக்கும். நேரே கீழே இறங்கித் துவாயை அவிழ்த்து மீனைத் திருப்பினேன். பல தரம் உருகி உறைந்ததில் கண் கழன்று போயிருந்தது. அந்தக் குழிக்கு மேல் என் பொட்டு ஒட்டியிருந்தது.

"என்ர பொட்டை மீனுக்கு ஒட்டினீங்களோ?"

"கண் இல்லாமல் படம் எடுக்கேலாதப்பா. வடிவாத்தான் பொருந்தியிருக்கு, பாரும்."

பொருந்தித்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொட்டு வைத்த செத்த மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னுடைய மனிசன் ஐஸில் நின்று சிரிக்கப்போகிறார். வாளி தூக்கினால் கைதான் நோகும். நான் மீனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வாசலில் நின்ற பச்சைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். மீன் நீளம். வால் வெளியே நின்றது. மூடி பூட்டுப்படவில்லை. விட்டுவிட்டு வந்தேன். அவர் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார். பிரேதம் போவதைப் பார்க்கிற மாதிரி.

பின்னேரம் என் போன் கிணுங்கியது. வாசலில் ஏதாவது அசைந்தால் படம் வருகிற மாதிரி மகள் கதவு மணியில் கமெரா பூட்டித் தந்திருக்கிறாள். பார்த்தேன். எங்கள் தெருவில் குப்பைத் தொட்டி கிளறித் தின்கிற பிராணி, கொழுத்த ரக்கூன் ஒன்று, பின்னங்காலில் நின்று, இரண்டு கையாலும் மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நேரே கமெராவைப் பார்த்தது. அந்த ஐந்து பேரும் நின்ற அதே நிலை. அவர்களை விட வடிவாக நின்றது. பொட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அதுவரை நான் அந்தக் குழுவில் ஒன்றும் போட்டதில்லை. அவருடைய போனுக்குப் படத்தை அனுப்பி, அங்கிருந்து குழுவுக்குப் போட்டு, குரல் பொத்தானை அமத்தினேன்.

"எல்லாருக்கும் பின்னேர வணக்கம். இடம் வோபர்ன், எங்கட வீட்டு வாசல். ஐஸ் இல்லை, சேறுதான். காத்து இல்லை. இரை ஒண்டும் போடேல்லை. பெரிசு ஒண்டு கடிச்சிருக்கு, உங்களுக்குத் தெரிஞ்ச மீன்தான். பிடிச்சவர் பேர் சொல்லேல்லை, வேலி பாய்ஞ்சு போயிட்டார்."

அரை மணித்தியாலத்தில் சம்பந்தி எனக்கே போன் எடுத்தார்.

"தங்கச்சி, உந்தப் படத்தை அழியுங்கோ."

"எனக்கு அழிக்கத் தெரியாது அண்ணை. அனுப்பத்தான் தெரியும்."

"அது நான் உண்மையா பிடிச்ச மீன், தங்கச்சி."

"நம்புறன். ஒருக்காப் பிடிச்சது போதாதே அண்ணை?"

அவர், "அது என்ன கண்ணில கறுப்பா?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர் இருமி, இருமி, போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் குரல் அனுப்பத் தொடங்கினார்கள். ஒருவர் தான் காட்டின மீன் சீனக் கடையில் வாங்கியது என்றார். ஒருவர் மச்சான் தந்தது என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் "ஐஸ் ஒன்பது இஞ்ச்" என்றுதான் ஆரம்பித்தார்கள். பழக்கம். இருட்டுவதற்குள் கணக்குத் தெளிவாகிவிட்டது. அந்த மாரியில் அந்த ஏரியில் எங்கள் ஆட்கள் ஒருவரும் ஒரு பெரிய மீனும் பிடிக்கவில்லை.

சட்டம் சட்டம்தானே. விருந்தன்று முப்பது ஆம்பிளைகளும் சோறு பரிமாற வந்து நின்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் பந்தியில் இருந்தோம். கோட்டுச் சூட்டோடு வந்தவர்களுக்கு வாளியை எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியவில்லை. ஒருவர் பருப்பைச் சோற்றுக்கு முன்னால் ஊற்றினார். தெரிந்த ஆள் ஒருவர்தான். மூன்று வருசம் பழகின கை. என்னுடையவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நடுவில் நின்று, "சம்பந்தி, குனிஞ்சு போடுங்கோ, எட்டத்தில நிண்டு எறியாதேங்கோ" என்று சொல்ல, யூனியன்வில் வீட்டுக்காரர் "ஓம், ஓம்" என்று குனிந்தார். மருமகனின் தாய் என் பக்கத்தில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பொன்னாடை பையோடு மேசையில் கிடந்தது.

சம்பந்தி மீன் குழம்போடு என் பக்கம் வந்தார். தட்டில் விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அவர் நின்று என் முகத்தையே பார்த்தார், அந்தக் காலத்து மேற்பார்வைக்காரன் மாதிரி.

"புதுசு தங்கச்சி. இண்டைக்குக் காலமை கடையில வாங்கினது."

"இன்னும் ஒரு துண்டு போடுங்கோ அண்ணை" என்றேன்.