டான்சானியாக் கொசுவும் ரெங்கசாமி ஃபிட்டரும்

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற தொழில்ல பாஸ்போர்ட், விசாவெல்லாம் ஒரு தொல்லையே இல்ல. போற ஆளு உடம்பை அவர்கிட்ட இருந்தே காப்பாத்துறதுதான் தொல்லை. இந்தத் தொழில்ல இருந்தவிய இப்பவே தலையில கை வச்சிருப்பீங்க.

தொண்ணூறுகள் கடைசியில கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி மெஷின் கம்பெனியில இருந்தேன். மெஷின் டான்சானியாவுக்குப் போகும். பின்னாலயே அதை மாட்ட ஒரு ஃபிட்டர் போவார். அவருக்கு ஊசி, மாத்திரை, கொசுவலை எல்லாம் என் பொறுப்பு. முதல்ல போன ஒருத்தர் மலேரியாவோட திரும்பி வந்து, காப்பாத்த முடியாமப் போச்சு. அவர் வீட்டுக்கு மாலை வாங்கிட்டுப் போனவன் நான். அடுத்துப் போகவேண்டியவர் நாகலாபுரம் ரெங்கசாமி. இவரை முழுசாத் திருப்பிக் கொண்டுவரணுமேன்னு எனக்கு ஒரே பயம்.

புரட்டாசி ஊசி

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மெட்ராஸ் கூட்டிக்கிட்டுப் போனேன். வரிசையில நின்னு, சட்டைக் கையையும் சுருட்டியாச்சு. முட்டை சாப்பிட்டா தடிப்பு கிடிப்பு வருமான்னு நர்சம்மா கேட்டாங்க. இவர் எதுக்குன்னு கேட்டார். மருந்தை முட்டையிலதான் வளர்க்குறாங்கன்னு அந்தம்மா விளக்கமாச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், சுருட்டின கையை இறக்கி விட்டுட்டு மனுசன் வெளிய வந்துட்டார். டிக்கெட்டையே மாத்தணுமேன்னு நான் கத்துறேன். அவர் ஆற அமரச் சொன்னார்: "பெருமாளுக்கு விரதம் இருக்கேன். புரட்டாசி முடியட்டும் அண்ணாச்சி, டான்சானியா எங்க போயிரப் போகுது?"

வலைக்கு அடியில

கொசுவலைக்குள்ள படுத்துப் பழகுங்கன்னு வலையை முன்கூட்டியே குடுத்திருந்தேன். பழகுதாரான்னு பாக்க பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போனா, வலை மொட்டைமாடியில கிடக்கு. அடியில கூழ்வத்தல் காயுது. காத்துல பறக்காம நாலு மூலைக்கும் கல்லு வேற. இது உங்க வீட்டுக்காரர் உயிருக்கும்மான்னு அவர் சம்சாரம் லட்சுமிகிட்ட கெஞ்சாத குறையாச் சொன்னேன். "அவியளைக் கொசு என்னைக்கோதான் கடிக்கும். காக்கா தினமும்லா வருது" ன்னாங்க.

வராத காய்ச்சல்

ஒருவழியா ஐப்பசியில ஊசி போட்டாச்சு. அடுத்து மலேரியா மாத்திரை. வாரம் ஒண்ணு, கிளம்புறதுக்கு முந்தியே ஆரம்பிச்சு, திரும்பி வந்தும் நாலு வாரம் போடணும். அட்டையைக் கொண்டாங்க பாப்போம்னேன். பக்கத்து வீட்டு ஆட்டுக்காரருக்குக் குடுத்துட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு மேசையை ஓங்கித் தட்டினேன். "அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கு. எனக்கு வரவே இல்லியே, நான் போட்டா வீணால்லா போகும்?"

ஊர்த் தண்ணி

வேற அட்டை வாங்கிக் குடுத்து அனுப்பினேன். மூணு மாசம் கழிச்சு நல்லா வந்து இறங்கினார். ஊருக்கு வந்தாச்சே, இனி எதுக்குன்னு மாத்திரையை நிறுத்திட்டார். ரெண்டு வாரத்துல லட்சுமி போன் பண்ணி அழுதாங்க. குளிர்காய்ச்சல், நினைவு தப்பித் தப்பி வருதுன்னாங்க.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெளிநாடு போய் வந்ததையே இவர் டாக்டர்கிட்ட சொல்லல. அவரும் சாதாக் காய்ச்சலுக்கு மருந்து குடுத்துக்கிட்டு இருக்கார். நான் சொன்ன பிறகுதான் ரத்தம் எடுத்துப் பாத்து மலேரியான்னாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல லட்சுமி என் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இவருக்கும் மாலை வாங்கணுமோன்னு பயந்துட்டேன்.

காய்ச்சல் மருந்துக்குக் கேட்டுச்சு. கண் முழிச்சுக் கஞ்சி குடிச்சார். ஏன்யா டாக்டர்கிட்ட மறைச்சீருன்னு கேட்டேன். "மூணு மாசம் அங்கன ஒரு தும்மல் வரல. இங்க வந்து ரெண்டு வாரம் ஊர்த் தண்ணி குடிச்சேன், படுத்துட்டேன். இதுல டான்சானியாவை எதுக்கு இழுக்கணும், அண்ணாச்சி?"

மலேரியாவை மருந்து குடுத்து இறக்கிட்டோம். அந்த டான்சானியாக் கொசு மேல அவர் வச்சிருந்த நல்லெண்ணத்தைத்தான் எந்த டாக்டராலயும் இறக்க முடியல.