மண் தின்ற பச்சோந்தி

எங்கள் சந்தில் சிமெண்டுத் தரை போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். அது பணக்கார வீடு இல்லை. மண் சுவர், பனை ஓலைக் கூரை, மழை வந்தால் நாலு இடத்தில் ஒழுகும். தரை மட்டும் தாலுக்கா கச்சேரித் தரை மாதிரி வழவழவென்று இருக்கும். செஞ்சிக் கோட்டையில் வாட்ச்மேனாக இருந்த துரைக்கண்ணுவின் வீடு அது. பெர்மிட்டுக்கு அலைந்து, கால் கடுக்க வரிசையில் நின்று அவன் அந்தச் சிமெண்டு மூட்டைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது சந்தே சிரித்தது. கூரையை விட்டுவிட்டுத் தரைக்குச் செலவு செய்கிற ஆளை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்? பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த ஜகபர் அலியாகிய நானும் சேர்ந்துதான் சிரித்தேன். காரணம் தெரிந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் பெண்டாட்டி ரஞ்சிதம் மண் தின்பாள்.

எப்போதும் இல்லை, மாசமாக இருக்கும்போது மட்டும். மசக்கையில் சாம்பலையும் பல்பத்தையும் கடிக்காத பெண் எங்கள் பக்கத்தில் குறைவு. என் மனைவி ரோஷன் பீ ஒரு பிள்ளைக்கு என் துணியில் குறி போடும் சாக்கட்டி முழுவதையும் தீர்த்திருக்கிறாள். ரஞ்சிதம் கொஞ்சம் அதிகம். முதல் மழை விழுந்ததும் சுவரைச் சுரண்டுவாள். அடுப்பு மேட்டைப் பெயர்ப்பாள். தரையில் விரலால் குழி தோண்டி வாயில் போட்டுக்கொள்வாள். யாராவது பார்த்துவிட்டால் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மூன்று பிள்ளை பெற்றாள். மூன்றும் அழவில்லை. மூன்றாவதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனபோது மாமியார் மாரியம்மாள் வாசலில் நின்று, ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒன்று சொன்னாள்.

"மண்ணத் தின்னு என் பேரப்புள்ளைங்கள மண்ணாக்கிட்டா."

அன்றிலிருந்து அதை ரஞ்சிதம் நம்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்களும் நம்பினோம். அடுத்த பிள்ளையாவது தங்க வேண்டும் என்றுதான் துரைக்கண்ணு தரைக்குச் சிமெண்டு பூசினான், சுவருக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தான். தரை வந்தது. அதற்கப்புறம் பிள்ளை உண்டாகவே இல்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். ரஞ்சிதத்துக்கு முன்தலை நரைத்தது. சிங்கவரத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போவாள், வருவாள், அந்த வழவழத் தரையைத் துடைப்பாள். ஊரில் வேறு எந்தப் பெண்ணும் தன் வீட்டுத் தரையை அத்தனை வெறுத்திருக்க மாட்டாள்.

அறுபத்தாறாம் வருஷம் இருக்கும். ரேஷனில் அரிசி கிடைக்காமல் மைலோ சோளத்தைத் தின்று எல்லோருக்கும் வயிறு கெட்டிருந்த காலம். ஆவணியில் ஒருநாள் துரைக்கண்ணு வேலை முடிந்து வரும்போது காக்கித் தொப்பிக்குள் ஒரு பச்சோந்தியைக் கொண்டுவந்தான். கோட்டை வாசலில் பையன்கள் அதைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்களாம். ஓணான் சாதியில் எதைக் கண்டாலும் எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கை சும்மா இராது. எங்கள் பிள்ளைகளைக் கேட்டால், இப்ராஹீம் நபியைப் போட்ட நெருப்பை ஊதிவிட்ட பிராணி என்பார்கள். அவர்கள் பிள்ளைகளைக் கேட்டால், தாகம் என்று கேட்ட ராமருக்குத் தண்ணீருக்குப் பதில் வேறு எதையோ கொடுத்த பிராணி என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஊர் ஒற்றுமைக்குக் குறைவே இல்லை.

அதன் பின்னங்காலில் நல்ல அடி. ரஞ்சிதம் மஞ்சள் அரைத்துப் பூசினாள். மண்ணெண்ணெய் டின் ஒன்றில் மண் நிரப்பி, கொடுக்காப்புளிக் கிளையை அதில் நட்டு, வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் வைத்து அதில் ஏற்றிவிட்டாள். வயலிலிருந்து வரும்போது முந்தானை முடிச்சில் வெட்டுக்கிளி பிடித்துவருவாள். முடிச்சுக்குள் அவை துடிக்கத் துடிக்க, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து ஓடுவார்களாம். நாக்கை நீட்டி அது வெட்டுக்கிளியைப் பிடிக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இலையில் தண்ணீர் தெளித்தால் சொட்டுச் சொட்டாக நக்கிக் குடிக்கும். கால் ஆறியதும் விட்டுவிடலாம் என்றுதான் துரைக்கண்ணு சொன்னான். புரட்டாசியில் அதன் வயிறு பெருக்க ஆரம்பித்தது.

ரோஷன் பீதான் முதலில் கண்டுபிடித்தாள். ஆறு பெற்றவள், அவள் கண்ணுக்குத் தப்புமா? இது பெட்டை, வயிற்றில் முட்டை இருக்கிறது என்றாள். தொட்டால் சுருக்குப் பையில் கொட்டைப் பாக்கு கிடப்பதுபோல உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டதாம். நான் சும்மா இருப்பேனா? வளைகாப்புக்கு நான் ரவிக்கை தைத்துத் தருகிறேன், நாலு கை வைக்க வேண்டுமே, கூலி மட்டும் கூட ஆகும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சிதம் சிரிக்கவில்லை.

"கிண்டல் பண்ணாத பாய். இந்த வூட்டுல ஒண்ணாவது உசுரோட பொறக்கட்டும்."

அதற்கப்புறம் நான் அதைப் பற்றிக் கிண்டல் செய்யவில்லை. அவள் அமாவாசைக்கு மேல்மலையனூர் பஸ்ஸில் முண்டியடித்து ஏறிப்போய் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்தாள். என்னவென்று வேண்டினாய் என்று பூசாரி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. கூட வந்த பெண்கள் புற்று மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்களாம். இவள் நெற்றியில் மட்டும் வைத்துக்கொண்டு, விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டாளாம்.

ஐப்பசி மழை பிடித்ததும் பச்சோந்தியின் குணம் மாறியது. வெட்டுக்கிளியை நீட்டினால் திரும்பிக்கொண்டது. நாள் முழுவதும் கிளையில் ஆடாமல் அசையாமல் இருக்கிற பிராணி, இறங்குவதும் ஏறுவதுமாக அலைந்தது. ஒருநாள் மத்தியானம் ரஞ்சிதம் அலறிய அலறலில் நான் மெஷினை விட்டுவிட்டு ஓடினேன். பச்சோந்தி டின்னுக்குள் இறங்கித் தலையை மண்ணுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை வெளியே இழுத்துக் கையில் வைத்திருந்தாள். அதன் வாயைச் சுற்றிலும் ஈர மண். அதைப் பார்த்த அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மண்ணத் தின்னுது பாய்."

அவள் விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயைத் துடைத்தாள். டின்னிலிருந்த மண் முழுவதையும் வாரித் தெருவில் கொட்டினாள். கருங்கல் ஜல்லியை அள்ளிவந்து நிரப்பி, கிளையை அதில் நிறுத்தினாள். கொல்லைக் கதவின் அடியில் சாக்கை அடைத்தாள். நல்ல காரியம் செய்தாய் என்றாள் ரோஷன் பீ. எங்களில் ஒருவருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி மண்ணில் வாய் வைத்தால் பிடித்து இழுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

அது சிமெண்டுத் தரையில் அலைந்தது. மூலைக்கு மூலை போய் முன்னங்காலால் பிறாண்டியது. என் மெஷின் நிற்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்கும். பெரிய சத்தம் இல்லை, உலர்ந்த சருகைத் தரையில் தேய்க்கிற மாதிரி இருக்கும். ரஞ்சிதம் கூடவே தவழ்ந்து, தூக்கித் தூக்கிக் கிளையில் விடுவாள். கொஞ்சம் பொறுத்துக்கோ, மசக்கை அப்படித்தான் இருக்கும், நானும் பட்டிருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொள் என்று அதனிடம் பேசிக்கொண்டிருப்பாள். அவள் கூலிக்குப் போவதையும், கூலி இல்லாத நாளில் துரைக்கண்ணுவுக்குக் கோட்டைக்குச் சோறு கொண்டுபோவதையும் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் காலையில் ஜல்லிக்கு மேல் ஒரு முட்டை கிடந்தது. வெள்ளையாக, புளியங்கொட்டை அளவு, தோல் மெத்தென்று. சந்தே கூடிவிட்டது. ரஞ்சிதம் அதைப் பஞ்சில் வைத்து விளக்கு மாடத்தில் வைத்தாள். அன்று அவள் எங்கள் எல்லோருக்கும் வெல்லம் போட்டு டீ கொடுத்தாள். அவள் வீட்டில் சந்தோஷத்துக்கென்று டீ போட்டது எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான். மீதி முட்டை இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. மாடத்திலிருந்த முட்டை சுருங்கி, காய்ந்த சுண்டைக்காய் போல ஆகிவிட்டது.

பச்சோந்தியின் நிறம் கறுத்தது. உருண்டை உருண்டையாக இருந்த கண்கள் உள்ளே போயின. மாட்டு டாக்டரிடம் பையில் போட்டுக் கொண்டுபோனாள். அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, நான் பசுவுக்கும் எருமைக்கும்தான் படித்திருக்கிறேன் அம்மா என்றாராம். கோபித்துக்கொள்ளவும் இல்லை, பாவம். ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்மா தொழுதுவிட்டு வந்தபோது ரஞ்சிதம் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குழி மூடிக்கொண்டிருந்தாள். ஏன் அழுகிறாய், ஒரு ஓணானுக்கா என்று துரைக்கண்ணு கேட்கவில்லை. அவனும் அழுதிருந்தான். இந்த வீட்டு ராசியே அப்படி என்று சந்தில் யாரோ சொன்னார்கள். அது அவர்கள் காதிலும் விழுந்தது.

மழை விட்ட ஒரு வாரத்தில் அவள் மறுபடியும் கோட்டைக்குச் சோறு கொண்டுபோக ஆரம்பித்தாள். கோட்டைக்குள் செட்டிகுளம் என்கிற குளத்துக்குப் போகும் வழியில் துரைக்கண்ணு காத்திருப்பான். அன்று வெகு நேரம் ஆகியும் சோறு வராததால் அவனே தேடிக்கொண்டு வந்திருக்கிறான். பாதை ஓரம் ஒரு நொச்சிப் புதரடியில் அவள் குந்தியிருந்தாள், சோற்றுத் தூக்கு பக்கத்தில் கிடந்தது. வாயில் விரல் வைத்து அவனைப் பேசாதே என்று சைகை காட்டினாள். அவனும் பக்கத்தில் குந்தினான்.

புதரடியில் ஒரு பச்சோந்தி தலைகீழாக மண்ணுக்குள் கிடந்தது. முன்னங்காலால் பறித்துப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது அதன் வாயெல்லாம் மண். மறுபடியும் உள்ளே போனது. வெகு நேரம் கழித்துத் திரும்பி உட்கார்ந்து குழிக்குள் முட்டையிட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் இட்டு முடித்து மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்துக் கெட்டியாக்கிவிட்டுப் புதரில் ஏறிப் போய்விட்டது. இருவரும் சோற்றைத் தொடாமல் திரும்பி வந்தார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது துரைக்கண்ணு. ரஞ்சிதம் என் கடைக்கு வந்து மெஷின் பக்கத்தில் நின்றபோது அவ்வளவு பேசவில்லை.

"அது திங்கல பாய். தோண்டியிருக்குது."

நான் காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் தின்னது இன்னாத்துக்கு?"

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய். கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அதற்காகவே வருகிறவர்கள். வயிற்றில் இருக்கும் உயிர் தாயை எதைச் செய்யச் சொல்கிறது, எதற்குச் சொல்கிறது என்று அந்தத் தாய்க்கே தெரியவில்லையே, கூட நின்று கையைப் பிடித்து இழுக்கிற எங்களுக்கு என்ன தெரியும்? அவள் மண் தின்றதால்தான் பிள்ளைகள் போயின என்று இனி என்னால் சொல்ல முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த மூன்றும் திரும்பி வரப் போவதில்லை. இவ்வளவு வருஷம் அவளை ஒரு காரணமாவது தாங்கிக்கொண்டிருந்தது, அது கெட்ட காரணமாக இருந்தாலும். இப்போது அதுவும் போனது. அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் பக்கத்து வீட்டில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பச்சோந்தி ஓயாமல் பிறாண்டிய மூலையில் துரைக்கண்ணு சிமெண்டை உடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லித்தான் உடைத்தான். முழம் அகலத்துக்குப் பெயர்த்ததும் அடியில் செம்மண் தெரிந்தது, ஈரமாகத்தான் இருந்தது. ரஞ்சிதம் உட்கார்ந்து அதைக் கையால் கிளறி, குழியாகப் பறித்து, நன்றாகத் தளர்த்திவிட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள்.

அந்த மூலையை அவர்கள் கடைசி வரை பூசவில்லை. வருகிறவர்கள் யாராவது கேட்டால், எலி பறித்தது என்பாள்.