சிப்பில் பூத்த உப்பு

மரக்காணம் தாண்டி, நான் லிஃப்ட் கேட்டு ஏறிய உப்பு லாரி டோல்கேட்டில் நிற்கிறது. கடல் பக்கம் வானம் கறுக்கிறது. லோடு மேல் போர்த்திய படுதாவோ கிழிசல். முன்பணம் ஏற்றிய கார்டை மெஷினில் செருகினால் தடுப்புக் கட்டை தானாக எழ வேண்டும். டிரைவர் மூன்று முறை செருகியும் சிவப்பு விளக்குதான் எரிகிறது. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன.

கவுண்டர் பெண் கார்டை வாங்கித் திருப்பிப் பார்க்கிறாள். "இத எங்கண்ணே வெச்சிருந்தீங்க?"

"சட்டை பாக்கெட்லதாம்மா. லோடு ஏத்தும்போதும் அங்கதான் இருந்துச்சு."

"அதான், சிப்புல உப்பு பூத்திருக்குது."

டிரைவர் கார்டை வெடுக்கென்று வாங்கி, சிப்பை நாக்கால் நக்கி, பனியனில் துடைத்துச் செருகுகிறார். பச்சை எரிகிறது. கண்ணாடியில் முதல் துளி விழுகிறது.

"இந்த உப்பு கரைஞ்சிடுச்சு சார். மேல இருக்கறது கரையறதுக்குள்ள ஷெட்டுக்குப் போயிடணும்."