காணவில்லை என்று போட்டிருந்தார்கள்

என் எழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சீனாக்காரனோடு சண்டை நடந்த சமயம் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். மத்தியானக் கஞ்சி குடித்ததும் வேப்பமரத்தடியில் வாரப் பத்திரிகையை நான்தான் வாசிப்பேன். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். ஆனால் காகிதக் குழாய் உருட்டும் எங்கள் பகுதியில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அங்கே என் தங்கையும் இருந்தாள். அவள் புருஷன் பட்டாளத்தில் இருந்தார்.

அந்தப் பத்திரிகைகளில் செத்தவர்களைச் செத்தார்கள் என்று எழுதமாட்டார்கள், வீரமரணம் என்பார்கள். வேறு சிலரைப் பற்றிக் 'காணவில்லை' என்று மட்டும் இருக்கும். ஆட்டுக்கும் குடைக்கும் திருவிழாக் கூட்டத்தில் தவறிய பிள்ளைக்கும் நாங்கள் சொல்லும் சொல்.

ஒருநாள் தங்கை வீட்டுக்குத் தந்தி வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னதும் அதே சொல்தான். அவள் மாமியார் அழுது தீர்த்துவிட்டுக் குங்குமச் சிமிழை ஒளித்துவைத்தார். கருமாதிக்கு நாள் பார்க்கவும் ஆள் அனுப்பினார். தங்கை வெறும் நெற்றியோடு வேலைக்கு வந்தாள்.

அன்று வாசிக்கையில் அந்தச் சொல் வந்ததும் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"ஏன் தம்பி நிப்பாட்டிட்டீக?" என்றார் எங்களில் மூத்த அம்மாள்.

"காணவில்லைன்னு போட்டிருக்கு."

"செத்தவுகளுக்கு என்னமோ போடுவானே, அது எங்க?"

"அது மேல, தனியா இருக்கு."

"அப்ப ரெண்டும் வேறதான? போன வாரம் என் ஆட்டையுந்தான் காணல. அதுக்குக் கருமாதியா வச்சேன்? பொழுது சாய வந்து என் சேலையத் திங்குது."

தங்கையே சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் தன் கொண்டைப் பூவில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்தார். மறுநாளிலிருந்து பெண்கள் முறை வைத்துப் பூ கொண்டுவந்தார்கள். சாயங்காலம் நாலைந்து பேர் அவள் வீட்டுக்கே போனார்கள். "பத்திரிகைக்காரனே செத்தாருன்னு எழுதல. நீங்க எதுக்கு மதினி முந்துறீக?" என்று அந்த அம்மாள் மாமியாரிடம் கேட்டாராம். சிமிழ் திரும்ப மாடத்துக்கு வந்தது. கருமாதிப் பேச்சும் நின்றது.

சண்டை ஓய்ந்து, பிடித்துவைத்திருந்தவர்களைச் சீனாக்காரன் விட்டபோது மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். பனியில் கால்விரல் இரண்டு போயிருந்தன. ஆள் வந்தாரே, அது போதும்.

உறுதியாகத் தெரியாமல் ஒருவரைச் செத்தவர் என்று எழுதாத அந்தப் பத்திரிகைக்காரர் யாரோ, எந்த ஊரோ. அவருக்கும் எங்கள் பகுதிப் பெண்களுக்கும் நான் நன்றி சொன்னதில்லை. நேரில் போனால் வாய் வராது. அதனால்தான் எழுதினேன்.

12-10-1969, ஞாயிற்றுக்கிழமை.