முப்பத்தேழு என்று சொன்ன நாள்

நான் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது என் சித்தியே எங்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க வந்தார். அம்மாவின் தங்கை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவரை, பயிற்சிக்காக மூன்று மாதம் காஹாங் ஊரில் இருந்த எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் தங்கினார். வீட்டில் சித்தி, வகுப்பில் டீச்சர் என்று முதல் நாளே எனக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். பதினான்கு பேர் இருந்த வகுப்பில் எனக்கு மட்டும் டீச்சரோடு ஒரே சட்டியில் சோறு என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சித்திக்கு ஒரு குறை உண்டு. குரல் எழும்பாது. அதற்கு முன் பொந்தியானில் ஒரு பள்ளியில் பயிற்சி செய்தபோது, பார்வையிட வந்த கல்லூரி விரிவுரையாளர் பாடம் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதில் தேறவில்லை. இந்தத் தடவையும் அப்படியானால் அவள் படிப்பு அவ்வளவுதான் என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அதனால் விரிவுரையாளர் வருவதற்கு முன் ஐந்து நாள், சாயங்காலமானால் எங்கள் வீட்டு முன்னறை வகுப்பறையாகிவிடும். மாணவர் கூட்டம் முழுவதும் நான்தான். பாடம் ஏழாம் வாய்ப்பாடு. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கேட்டு வாங்கிய போத்தல் மூடிகளைச் சித்தி ஏழு ஏழாகத் தரையில் அடுக்குவார். மூன்றாம் நாளிலிருந்து அவர் அடுக்கி முடிப்பதற்குள் நான் விடையைச் சொல்லிவிடுவேன். ஆறேழு என்று அவர் வாயைத் திறந்தாலே போதும், நாற்பத்திரண்டு என்று கத்துவேன். கடைசி நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று சொன்னார்.

“நாளைக்கு நீ கை தூக்காத. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மத்த பிள்ளைங்க சொல்லட்டும்.”

அதை நான் சத்தியப் பிரமாணம் போல எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விரிவுரையாளர் வந்து, வகுப்பின் பின்னால் ஒரு சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். அவ்வளவுதான், பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். சித்தியின் குரலும் உள்ளே போய்விட்டது. ஆறு ஏழு எத்தனை என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து விரிவுரையாளர், கடைசி வரிசைப் பிள்ளை சொல்லட்டுமே என்றார். கடைசி வரிசையில் இருந்தது நான்.

எழுந்து நின்றேன். கை தூக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். கேட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் நான் வீட்டிலேயே படித்துவிட்டு வந்தவள் என்பதை விரிவுரையாளர் கண்டுபிடித்துவிடுவார், சித்தியின் கதை முடிந்தது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

“முப்பத்தேழு,” என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தியின் முகம் வெளுத்தது. விரிவுரையாளர் கோப்பில் ஏதோ எழுதினார். காப்பாற்றப் போய்க் கெடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சித்தி பலகையில் எழுதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் முட்டி போட்டார். முப்பத்தேழு எப்படி வந்தது, அடுக்கிக் காட்டு என்றார். எங்கள் ஐந்து நாள் ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. அவர் மேசையில் கொட்டிய போத்தல் மூடிகளைக் கையில் எடுத்தேன். எதை எங்கே வைப்பது என்று உண்மையாகவே தெரியவில்லை. சித்தியே ஐந்து வரிசையை அடுக்கினார். அதுவரை முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டேன். ஆறாவது வரிசையை ஒவ்வொன்றாக வைத்து என்னை எண்ணச் சொன்னார். முப்பத்தாறு, முப்பத்தேழு என்றதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இங்கதான் நின்னுட்ட நீ. வரிசை முடிஞ்சிருச்சா?”

பக்கத்து மேசைப் பையன் எழுந்து, “இல்ல டீச்சர், இன்னும் அஞ்சு வேணும்லா,” என்றான்.

நாற்காலிகள் இழுபட்டன. எல்லாரும் என் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஆறாவது வரிசை நிறைந்து நாற்பத்திரண்டு ஆனதும், ஏழாவது வரிசையை நான் வைக்கிறேன், நான் வைக்கிறேன் என்று ஒரே தள்ளுமுள்ளு. அந்த இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்பதற்காகச் சித்தி சத்தம் போட்டார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பாடத்துக்காகச் சித்தி பார்த்துப் பார்த்து எழுதிய மணிலா அட்டை பலகையில் சும்மா தொங்கியது. விரிவுரையாளரும் எழுந்து வந்து, தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி விட்டதும் காரில் வந்து உட்கார்ந்த சித்தி வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். நான் அழ ஆரம்பித்தேன். நிமிர்ந்தபோது அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். தேறிவிட்டாராம். அந்தத் தப்பான விடைக்குப் பிறகுதான் பாடமே தொடங்கியது என்று விரிவுரையாளர் சொன்னாராம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

சாலையோரக் கடையில், சீவிய ஐஸில் பாகும் கடலையும் போட்ட ஐஸ் கச்சாங் வாங்கிக்கொடுத்தார். தேறியாகிவிட்டதே என்ற தைரியத்தில், எனக்கு நாற்பத்திரண்டு என்று தெரியும் என்பதைச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்மா,” என்றார் சித்தி. “ஆனா அது ஏன் நாப்பத்திரண்டுன்னு ஒனக்குத் தெரியல. அஞ்சு நாளும் நாந்தான் ஒழுங்கா சொல்லிக்கொடுக்கல.”

எனக்கு ரோஷமாக வந்தது. விடை தெரிந்த ஒருத்திக்கு அது ஏன் என்று வேறு எதற்குத் தெரிய வேண்டும்? தேறிய பிறகும் ஒரு குறையைக் கண்டுபிடிக்காமல் இந்த டீச்சர்களால் இருக்க முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் கிண்ணத்திலிருந்த கச்சான் கடலையையும் சேர்த்துத் தின்று முடித்தேன்.