கெட்ட காத்து

தாராவியில் பேராச்சியின் இஸ்திரிக் கடைக்குப் போகிறவர்கள் இரண்டு காரியமாகப் போவார்கள். ஒன்று சட்டை தேய்க்க, இன்னொன்று ஊர் வம்பு கேட்க. சட்டை சாயங்காலம்தான் கிடைக்கும், வம்பு கையோடு கிடைத்துவிடும். அம்மாடி, என்ன வாய் அது! கரிப்பெட்டியைத் தள்ளிக்கொண்டே தமிழில் ஆரம்பித்து, இந்தியில் திட்டி, மராத்தியில் முடிப்பாள்.

புருஷன் பிரம்மநாயகம் நேர்மாறு. வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவார், வாயைத் திறக்க மாட்டார். திறக்க இவள் இடம் கொடுத்தால்தானே!

மருமகள் வந்தனா மராத்திக்காரப் பெண். காதில் விழுந்ததை வைத்தே தமிழ் பேசப் பழகிக்கொண்டவள். நல்ல பிள்ளைதான், ஆனால் புருஷனை "மகேஷ், மகேஷ்" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அது மட்டும் பேராச்சிக்கு ஆகாது.

"ஏட்டி, புருஷன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்."

"அப்போ பேங்க்ல கேட்டா என்ன செய்வீங்க அத்தே?"

"ஒங்க மாமாவக் கூட்டிட்டுப் போயி முன்னால நிறுத்துவேன்!"

ஜூலை மாதம் அடைமழை பிடித்துக்கொண்டது. தேய்த்த துணியில் சாரல் அடிக்கிறதே என்று ஒரு நாள் காலையில் பேராச்சி ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டாள். கரி மூட்டும் சிகடி அடுப்பும் உள்ளேதான் கனன்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தலையை வலித்தது. டீ குடிக்காத வலி என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சோறு கொண்டுவந்த வந்தனா ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால், அத்தை மேசைமேல் சாய்ந்து கிடக்கிறாள். வெளியே இழுத்துப் போட்டாள். வலது கை துவண்டு தொங்கியது. நாக்கு குழறி, "வ... வ..." என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"லக்வா, லக்வா" என்று கூடிய கூட்டம் முடிவே கட்டிவிட்டது. லக்வா என்றால் பக்கவாதம் என்று பேராச்சிக்குத் தெரியாதா? ஆட்டோவில் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. கை போனால் கடை போச்சு. வாய் போனால் பேராச்சியே போச்சு. அவள் பயந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஸ்கேனுக்குச் சொல்லிவிட்டு, சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று இந்தியில் கேட்டுக் கேட்டு எழுதினாள். பதற்றத்தில் பிரம்மநாயகத்துக்கு இந்தி எங்கேயோ ஓடிப்போயிருந்தது.

"ஒத்தையில இருந்தாம்மா. கெட்ட காத்து பட்டிட்டு" என்றார்.

கெட்ட காத்து என்றால் பேய். திருநெல்வேலிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வந்தனாவுக்கு அது எப்படித் தெரியும்? காத்து என்றால் காற்றுதானே என்று வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் மாற்றினாள். "கராப் ஹவா லக் கயீ, டாக்டர்."

கூறுகெட்டவளே, பேய்ன்னு சொல்லுட்டி என்று பேராச்சி உள்ளுக்குள் கத்தினாள். டாக்டரம்மாவோ எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"ஹவாவா? எங்கே இருந்தாங்க? கதவு மூடியிருந்ததா? உள்ளே ஏதாவது எரிஞ்சுதா?"

"ஷட்டர் மூடியிருந்தது. கரி எரிஞ்சுது."

அவ்வளவுதான். உடனே பேராச்சியின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அடைத்த இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது என்று டாக்டரம்மா வந்தனாவுக்கு விளக்கினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். மூளை பட்டினி கிடக்கும். பார்க்கப் பக்கவாதம் போலவே இருக்கும், சிலருக்கு நிஜமாகவே பக்கவாதமாகிவிடும். ஸ்கேனில் நல்லவேளையாக ஒன்றுமில்லை. ரத்தத்தில் அந்த வாயு இருந்தது. இனிப் பேச்சு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து முகமூடியை விலக்கி, பிரம்மநாயகத்தைக் காட்டினாள்.

"இவர் யாரு? பேர் சொல்லுங்க, பார்ப்போம்."

பேராச்சி உதட்டை இறுக்கிக்கொண்டாள். கேட்பதற்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா இவளுக்கு?

"பேர் ஞாபகம் வருதா?"

பேராச்சி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. வந்தனா விசும்ப ஆரம்பித்தாள். பிரம்மநாயகம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் கண்ணில் நீர் நிறைந்து நின்றது.

"சொல்லு பிள்ள. ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லிரு. என் ஆயுசு போனாப் போவுது, ஒனக்குப் பேச்சு வந்தாப் போதும்."

பேராச்சியின் வலது கை விருட்டென்று எழுந்து அவர் வாயைப் பொத்தியது.

"வாய மூடும்! வெளக்கு வைக்குற நேரத்துல பேசுத பேச்சப் பாரு. ஆயுசு போவுதாம்லா, ஆயுசு!"

டாக்டரம்மா திகைத்துப்போய், இந்தம்மா என்ன சொல்கிறார் என்று வந்தனாவைக் கேட்டாள்.

வந்தனா அழுதுகொண்டே சிரித்தாள். "அத்தைக்குச் சரியாயிடுச்சு, டாக்டர்."